காயம்பட்டோரைத் தேடிச் சென்ற மருத்துவர்

வட சீனத்தின் ஹெபெய் மாகாணத் தலைநகரான ஷிஜியாஜுவாங்கில் போர்த் தியாகிகளுக்கான நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், முன்னோருக்கு மரியாதை செலுத்தும் சிங்மிங் திருநாளன்று அங்கே திரளும் மக்கள், ஓர் இந்தியரின் கல்லறையிலும் மலர் வைத்து வணங்குகின்றனர். அந்த இந்தியர் அரசரல்லர், தூதரல்லர், துறவியுமல்லர். சோலாப்பூரில் பிறந்து, மும்பையில் மருத்துவம் பயின்று, 32-ஆவது வயதில் சீனத்து மலைக்கிராமம் ஒன்றில் உயிர்நீத்த அறுவை மருத்துவர் துவாரகாநாத் கோட்னிஸ்.

அவருடைய வாழ்வை இரு நாட்டு நட்பின் சின்னமாக மட்டுமே நாம் நினைவுகூர்ந்து வருகிறோம். சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போதெல்லாம் அவருடைய குடும்பத்தினரைச் சந்திப்பதும், நாளேடுகள் அதைப் படத்துடன் வெளியிடுவதும் வழக்கமாகிவிட்டன. ஆனால், கோட்னிஸின் வாழ்க்கை நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. கொடுங்காயமும் உயிர்போகும் நோயும் நேரிடும்போது மருத்துவம் என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், நவீன மருத்துவமும் மரபு மருத்துவமும் எந்த இடத்தில் கைகோக்க வேண்டும் என்பதே அது.

துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் 1910 அக்டோபர் 10 அன்று சோலாப்பூரில் நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்தார். பருத்தி ஆலைகளின் நகரம் அது. மும்பை பரேலில் உள்ள சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். மேற்படிப்பு முடித்து, ஒரு நல்ல மருத்துவமனையில் அமர்ந்து, பெரிய குடும்பத்தைத் தாங்கும் மகனாக அவர் விளங்குவார் என்றே வீட்டார் எதிர்பார்த்திருந்தனர்.

அந்நாளில் ஆசியாவின் கிழக்கில் போர் மூண்டிருந்தது. 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங்கை அடுத்த மார்க்கோ போலோ பாலத்தருகே தொடங்கிய மோதல், ஜப்பான் சீனத்தின்மீது தொடுத்த முழுப்போராக விரிந்தது. காயமுற்றோர் பல்லாயிரவர், மருத்துவரோ மிகச் சிலர். எட்டாம் பாதைப் படையின் தளபதி ஜூ தே, மருத்துவ உதவி வேண்டி ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1938-இல் நாட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த ஒரு நாடு, தன்னினும் துயருற்ற இன்னொரு நாட்டுக்காக நிதி திரட்டியது. மருந்துகளும் ஆம்புலன்ஸ் ஊர்தியும் சேர்ந்தன.

ஐந்து மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அலகாபாத்தைச் சேர்ந்த மதன் அடல் தலைவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. நாகபுரியின் சோல்கர், கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு, தேவேஷ் முகர்ஜி ஆகியோருடன் சோலாப்பூரின் கோட்னிஸும் சேர்ந்தார். 1938 செப்டம்பர் 1 அன்று மும்பைத் துறைமுகத்திலிருந்து ராஜபுதானா என்னும் கப்பலில் அவர்கள் புறப்பட்டனர். கோட்னிஸுக்கு அப்போது 28 வயதும் நிறையவில்லை.

செப்டம்பர் மாதத்திலேயே குவாங்சோவ் நகரை அடைந்த அக்குழு, அங்கிருந்து வூஹான் சென்றது. அடுத்த மாதமே அவ்விரு நகரங்களும் ஜப்பானியர் வசமாயின. பின்வாங்கும் படையோடும் மக்களோடும் மருத்துவர்களும் யிச்சாங் வழியாகச் சோங்சிங் நகருக்கு நகர்ந்தனர். அங்கே ஐவருக்கும் சீனப் பெயர் சூட்டப்பட்டது. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் சீனத்தைக் குறிக்கும் ஹுவா என்னும் சொல் சேர்ந்தது. கோட்னிஸ், கே திஹுவா ஆனார்.

தந்தை மறைந்தார் என்னும் செய்தி இந்தக் காலத்தில்தான் அவரை வந்தடைந்தது. ஊர் திரும்பலாம் என உடனிருந்தோர் கூறியும் அவர் திரும்பவில்லை. 1939 பிப்ரவரியில் குழு யான்ஆன் நகரை அடைந்தது. மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து அமைத்த குகைகளே அங்கு வீடுகள். மருத்துவமனையும் குகைகளிலேயே இயங்கியது. உடல்நலக் குறைவால் சோல்கரும் முகர்ஜியும் தாயகம் திரும்பினர். அடல், பாசு, கோட்னிஸ் மூவரும் போர்முனைக்குச் செல்ல விரும்பி, 1939 நவம்பரில் புறப்பட்டனர்.

அவர்கள் புறப்பட்ட அதே மாதத்தில், முன்னணியில் பணியாற்றிய கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் இறந்தார். அறுவையின்போது அவர் விரலில் ஏற்பட்ட சிறு கீறல் வழியே நச்சுக்கிருமி குருதியில் கலந்தது. நவம்பர் 12 அன்று அவர் உயிர் பிரிந்தது. பெனிசிலின் அன்று எவர் கையிலும் இல்லை. சல்ஃபா மருந்துகள் கண்டறியப்பட்டிருந்தும் அந்த மலைகளுக்கு வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கானோரின் புண்ணை ஆற்றியவரை ஒரு கீறல் கொண்டுபோயிற்று. குருதி நச்சேற்றம் என்று இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அஞ்சும் நோய் அதுவே.

பெத்யூன் விட்டுச் சென்றது பெயரை மட்டுமன்று, ஒரு முறையையும்தான். காயம்பட்டவன் மருத்துவரைத் தேடி வரட்டும் எனக் காத்திராமல், மருத்துவரே காயம்பட்டவனைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றக்கூடிய மரப்பெட்டிகளில் ஓர் அறுவை அரங்குக்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும் அடக்கி, போர்முனையை ஒட்டிய கோயில்களிலும் குடிசைகளிலும் அறுவை செய்தார் அவர். குருதி தேவைப்பட்டபோது கிராமத்தாரிடமும் தம்மிடமிருந்தும் எடுத்துச் செலுத்தினார்.

இதன் காரணம் எளியது. கொடுங்காயத்தில் உயிரைக் கொல்வன மூன்று: குருதி இழப்பு, அதனால் விளையும் அதிர்ச்சி நிலை, பின்னர் வரும் தொற்று. முதல் இரண்டும் மணிக்கணக்கில் கொல்லும். மூன்றாவது நாள்கணக்கில் கொல்லும். காயத்தில் சிதைந்த தசையை உரிய நேரத்தில் வெட்டி நீக்காவிட்டால் அழுகல் பரவும். பிறகு கையையோ காலையோ எடுத்தாலன்றி உயிர் தங்காது. எனவே, மருத்துவமனை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு அருகில் உள்ளது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

இந்த வழியைத்தான் கோட்னிஸ் ஏற்றுக்கொண்டார். தோல்நோயால் அவதியுற்ற அடல் 1940-இல் திரும்பிச் சென்றுவிட, பாசுவும் கோட்னிஸும் ஷான்சி, சாஹார், ஹெபெய் மாகாணங்களின் எல்லைப் பகுதியில் இருந்த படைத்தளத்தை அடைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று எட்டாம் பாதைப் படை, நூறு படைப்பிரிவுத் தாக்குதல் எனப் பெயர்பெற்ற பெரும்போரைத் தொடங்கியது. இரு மருத்துவர்களும் இரு முனைகளைப் பிரித்துக்கொண்டனர்.

அந்தப் போரின்போது கோட்னிஸ் எண்ணூறுக்கும் மேற்பட்ட காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார் என்றும், ஒரு கட்டத்தில் 72 மணி நேரம் உறங்காமல் அறுவை செய்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். எண்ணிக்கையைவிட அவர் பணி செய்த சூழலே நம்மைத் திகைக்கவைக்கும். மின்விளக்கு இல்லை. எக்ஸ்ரே இல்லை. கட்டுத்துணிகள் துவைத்து, கொதிக்கவைத்து, மீண்டும் பயன்படுத்தப்பட்டன. மயக்க மருந்து அளந்து செலவிடப்பட்டது. ஜப்பானியர் நெருங்கினால், நோயாளிகளைத் தூக்குக் கட்டிலில் சுமந்துகொண்டு மருத்துவமனையே அடுத்த கிராமத்துக்கு நகரும்.

பின்னர் பாசு யான்ஆன் திரும்பினார். கோட்னிஸ் எல்லைப் பகுதியிலேயே தங்கினார். 1941 ஜனவரியில், பெத்யூன் பெயரில் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பெத்யூன் பெயரிலான மருத்துவப் பள்ளியில் பாடமும் நடத்தினார். வந்த புதிதில் ஒரு சொல்லும் அறியாத சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றுத் தேர்ந்து, அம்மொழியிலேயே அறுவை மருத்துவம் கற்பித்தார். பாடநூல் இல்லாத குறையைப் போக்கத் தாமே நூல் எழுதத் தொடங்கினார்.

மருந்து இல்லாத இடத்தில் மருத்துவம் எப்படி நடந்தது என்னும் கேள்வி இங்கே எழுகிறது. முற்றுகையால் வெளிமருந்து வராது போகவே, படையின் சுகாதாரப் பிரிவுகள் மலையில் விளையும் மூலிகைகளின் பக்கம் திரும்பின. சீன மரபு மருத்துவர்களின் துணையோடு, உள்ளூர்ச் செடிகளிலிருந்து மருந்து தயாரிக்கும் பட்டறைகள் ஏற்பட்டன. அறுவைக் கத்தியைப் பிடித்தவர்கள் நவீன மருத்துவர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல், மூட்டுவலி ஆகியவற்றுக்கான கசாயமும் பொடியும் மரபின் கொடை. இல்லாமையே இரு மருத்துவங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது.

சீன மரபு மருத்துவம் நாட்பட்ட நோய்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது சரியன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய நூல், திடீரெனத் தாக்கும் கடுங்காய்ச்சல்களை அவற்றின் படிநிலைகளைக் கொண்டு வகுத்துச் சிகிச்சை கூறுவது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கெ ஹொங், அவசரக் காலத்தில் கைக்கெட்டும் மருந்துகளைத் தொகுத்து, சட்டைக் கையில் செருகிக்கொள்ளத்தக்க கையேடாகவே அமைத்தார். குருதிக்கசிவை நிறுத்தப் பயன்படும் யுன்னான் பையாவ் என்னும் பொடி 1902-இல் உருவானது. ஜப்பானிய எதிர்ப்புப் போரில் யுன்னான் வீரர்கள் அதைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். நம் சித்த மருத்துவத்தின் சன்னிபாத சுர மருந்துகளையும் விஷமுறிவு நூல்களையும் அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்று நம் மரபு சொல்லி வருவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

1941-இன் இறுதியில் கோட்னிஸ், அம்மருத்துவப் பள்ளியில் செவிலியம் கற்பித்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்ட் 23 அன்று அவர்களுக்கு மகன் பிறந்தான். படைத்தளத்தின் தளபதி நியே ரொங்சென் அக்குழந்தைக்கு யின்ஹுவா என்று பெயர் சூட்டினார். யின் என்பது இந்தியா, ஹுவா என்பது சீனம். அதே ஆண்டில் கோட்னிஸ் சீனப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரானார்.

இதற்கிடையே அவரை வலிப்பு நோய் பற்றியிருந்தது. போரின் நெருக்கடி, உறக்கமின்மை, போதிய உணவின்மை ஆகியன நோயை வளர்த்தன. வேறிடம் சென்று சிகிச்சை பெறுமாறு மேலிடத்தார் வற்புறுத்தினர். தாம் போனால் அறுவை செய்வார் இல்லை என்பதால் அவர் இசையவில்லை. வலிப்பு வந்து தெளிந்த மறுநாளே அறுவை அரங்கில் நின்றார். இரவில் பாடநூலின் பக்கங்களை எழுதினார்.

1942 டிசம்பரில் வலிப்புகள் தொடர்ந்து வந்தன. ஒன்று அடங்குமுன் மற்றொன்று வந்தது. டிசம்பர் 9 விடியலில், டாங் மாவட்டத்தைச் சேர்ந்த கெகோங் கிராமத்தில் அவர் உயிர் பிரிந்தது. மகனுக்கு அப்போது மூன்றரை மாதம். பாடநூல் முற்றுப்பெறவில்லை.

இடைவிடாத வலிப்பு இன்றும் உயிர்குடிக்கும் அவசர நிலைதான். ஆனால், சில நிமிடங்களுக்குள் நரம்பு வழியே மருந்து செலுத்தி, தேவையெனில் சுவாசக் கருவி பொருத்தி, பெரும்பாலோரை இன்று மீட்க முடிகிறது. வலிப்பைத் தடுக்கும் பினோபார்பிட்டால் 1912-இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பெனிட்டோயின் 1938-இல் வந்தது. அதாவது, கோட்னிஸ் மும்பையில் கப்பலேறிய ஆண்டில் உலகின் வேறிடங்களில் மருந்து இருந்தது. முற்றுகையிடப்பட்ட மலைக்கிராமத்துக்கு அது வரவில்லை. பெத்யூனைக் கொன்றது கீறல் என்பதும், கோட்னிஸைக் கொன்றது வலிப்பு என்பதும் பாதி உண்மையே. இருவரையும் கொன்றது மருந்துக்கும் நோயாளிக்கும் இடையிலிருந்த தொலைவு.

அவர் மறைவுக்கு மா சே துங் எழுதிய இரங்கலில், படை ஒரு துணைக்கரத்தை இழந்தது என்றும், சீன நாடு ஒரு நண்பரை இழந்தது என்றும் பொருள்பட எழுதினார். நான்ஃசுவான் என்னும் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல் பின்னர் ஷிஜியாஜுவாங்குக்கு மாற்றப்பட்டது. குவாஜா அகமது அப்பாஸ் எழுதிய நூலை அடியொற்றி வி. சாந்தாராம் 1946-இல் எடுத்த இந்தித் திரைப்படம், கோட்னிஸின் பெயரை இந்தியாவின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. சீனம் 1982-இலும் இந்தியா 1993-இலும் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டன. மகன் யின்ஹுவா தந்தையைப் போலவே மருத்துவம் பயின்றார். ஆனால், படிப்பு நிறைவுறும் தறுவாயில் 1967-இல், 24 வயதில் மறைந்தார். குவோ சிங்லான் 2012 வரை வாழ்ந்தார்.

கோட்னிஸின் கதை அவரோடு முடியவில்லை. 1943-இல் இந்தியா திரும்பிய தோழர் பாசு, 1950-களின் பிற்பகுதியில் மீண்டும் சீனம் சென்றார். அங்கே தம் நாட்பட்ட உபாதை ஒன்றுக்கு அக்குபங்சர் சிகிச்சை பெற்றுப் பயனடைந்தார். ஐயுற்று ஒதுங்காமலும், கண்மூடி ஏற்காமலும், அக்கலையை முறையாகக் கற்றார். 1959-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். இந்தியாவில் ஊசிமருத்துவம் வேரூன்றியது இவ்வாறுதான். மேற்கு வங்கம் 1996-இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. கோட்னிஸின் பெயரால் அமைந்த நினைவுக்குழு, மருத்துவ முகாம்களின் வழியே அதைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது.

சீனத்திலும் அந்தப் போர்க்கால உறவு கொள்கையாக மலர்ந்தது. 1944-இல் மா சே துங், புதுமுறை மருத்துவரும் பழமுறை மருத்துவரும் ஒன்றுபட வேண்டும் என அறிவுறுத்தினார். 1950-இல் கூடிய தேசிய சுகாதார மாநாடு அதை நாட்டின் கொள்கையாக ஏற்றது. பின்னாளில் அங்கே மரபு மருத்துவமனைகளிலும் அறுவை அரங்குகள் தோன்றின. நவீன மருத்துவமனைகளிலும் மூலிகைப் பிரிவுகள் தோன்றின.

இந்த இணைப்பின் பயன் எத்தகையது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும். முதலாவது, மலேரியா. கெ ஹொங்கின் அந்தப் பழைய கையேட்டில் ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு கூறப்பட்டிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லாமல் பிழியச் சொன்னது ஏன் என்று சிந்தித்த தூ யூயூ, குறைந்த வெப்பத்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார். 1970-களின் தொடக்கத்தில் ஆர்ட்டெமிசினின் பிறந்தது; 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மூளையைத் தாக்கும் கடும் மலேரியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது இதன் வழிவந்த ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்தையே.

இரண்டாவது, பெத்யூனைக் கொன்ற குருதி நச்சேற்றம். குசும்பா உள்ளிட்ட ஐந்து மூலிகைகளிலிருந்து சீனத்தில் தயாரிக்கப்படும் சுவேபிஜிங் என்னும் ஊசிமருந்து, அந்நாட்டின் 45 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,800 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2023-இல் வெளியான முடிவின்படி, 28 நாள்களுக்குள் இறந்தோர் வெற்று ஊசி பெற்ற பிரிவில் 26.1 விழுக்காடு, மூலிகை ஊசி பெற்ற பிரிவில் 18.8 விழுக்காடு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு பிரிவினருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பிற தீவிர சிகிச்சைகளும் வழங்கப்பட்டன. மூலிகை மருந்து அவற்றுக்கு மாற்றாக அன்று, அவற்றோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. வேறு நாடுகளிலும் இத்தகைய சோதனை நடந்து இதே முடிவு வருமானால் மட்டுமே இதை உலகம் முழுமையாக ஏற்கும். அறிவியலின் நெறி அதுதான்.

மூன்றாவது, பலரும் தவறாகவே சொல்லிவரும் நிகழ்ச்சி. 1971-இல் பெய்ஜிங் சென்ற அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. ஊசி குத்தியே அவருக்கு அறுவை நடந்தது என்று கதை பரவிற்று. உண்மையில், வழக்கமான மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியே நவீன அறுவை மருத்துவர்கள் குடல்வாலை அகற்றினர். அறுவைக்குப் பின் வயிற்றில் எழுந்த உபாதையைத் தணிக்கத்தான் அக்குபங்சர் பயன்பட்டது. எது முதலில், எது பின்னர் என்னும் வரிசையைச் சீன மருத்துவர்களே தெளிவாக அறிந்திருந்தனர்.

இந்த வரிசை நம் ஊரில் அவ்வளவு தெளிவாக இல்லை. புதுச்சேரியின் பிள்ளைச்சாவடியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கடல், மறுபுறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. படகில் கால் நசுங்குவது, திருக்கை முள் தைப்பது, வலையிழுக்கும்போது விரல் முறிவது எனக் கடல்தொழில் தரும் காயங்கள் உண்டு. விரைந்து செல்லும் ஊர்திகள் தரும் காயங்கள் அவற்றினும் கொடியவை. நகரத்துக்கும் பிள்ளைச்சாவடிக்கும் இடையே சாலை தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து வெளிவருகிறது. காயம்பட்டவனுக்கோ எல்லைக்கோடு தெரியாது.

இந்தியாவில் நவீன மருத்துவக் கல்வியின் நெடிய மரபு கொண்ட ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னர் வளர்ந்து ஜிப்மர் ஆனது. இந்தக் கடற்கரைச் சாலையிலேயே காலாப்பட்டு அருகே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. அப்படியிருந்தும், எலும்பு முறிந்தவரை முதலில் கட்டுப்போடுபவரிடம் அழைத்துச் செல்வதும், பாம்பு கடித்தவருக்குப் பச்சிலை அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பதும், முகம் கோணி விழுந்தவருக்கு வர்மம் தட்டுவதும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

மரபு மருத்துவத்தை இகழ இதைச் சொல்லவில்லை. புத்தூர்க் கட்டால் எளிய முறிவு கூடிய குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். ஆனால், தோலைக் கிழித்து எலும்பு வெளிவந்த முறிவிலும், குருதிக்குழாய் நசுங்கிய முறிவிலும் இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். பாம்பின் நச்சுக்கு முறிவு, நச்சுமுறிவு ஊசி மருந்தே. மூளையில் குருதிக்கட்டி அடைத்தால் அதைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பிழைத்த பிறகு, மரத்த கையை மீட்கவும், நாட்பட்ட வலியைத் தணிக்கவும், உறக்கத்தையும் பசியையும் திரும்பப் பெறவும் சித்த மருத்துவமும் அக்குபங்சரும் ஒத்தடமும் தொக்கணமும் துணை நிற்கட்டும். முதல் மணி நேரம் அறுவை அரங்குக்கு உரியது. பின்வரும் மாதங்களில் மரபுக்கும் இடமுண்டு.

பெத்யூனும் கோட்னிஸும் கைக்கொண்ட அந்தக் கொள்கை இன்று சட்டமாகவும் திட்டமாகவும் உருப்பெற்றிருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை வழக்கிலும் விசாரணையிலும் இழுத்தடிக்கக் கூடாது என மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கியது. சட்டம் இருப்பதை அறியாமல் விலகி நிற்போரும், கைப்பேசியில் படமெடுப்போரும் சூழ்ந்து நிற்க, குருதி சாலையில் ஓடுவதை நாம் இன்னும் காண்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரியவையல்ல. குருதி பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும், கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் தூக்கவும் கடற்கரை ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். 108 ஊர்தி வரும்வரை செய்ய வேண்டியதைப் பள்ளிகளில் கற்பிக்கலாம். மரபு மருத்துவர்களை எதிரிகளாகக் கருதாமல், எந்தக் காயத்தை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என அவர்களுக்கே பயிற்சி தரலாம். மக்கள் முதலில் நாடுவது அவர்களையே என்றால், சரியான இடத்துக்கு வழிகாட்டும் முதல் கரமும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

கோட்னிஸ் வாழ்ந்தது 32 ஆண்டுகள். அவற்றில் சீனத்தில் கழித்தவை நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் மட்டுமே. அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. புதிய அறுவை முறையை வகுக்கவும் இல்லை. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவத்தைக் கொண்டு சென்றார். கையில் இருந்ததைக் கொண்டு செய்தார். தாம் அறிந்ததை அடுத்தவருக்குக் கற்பித்தார். மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே அன்றிருந்த தொலைவு மலைகளாலும் போராலும் ஆனது. இன்று நம்மிடையே உள்ள தொலைவு பெரும்பாலும் தயக்கத்தாலும் அறியாமையாலும் ஆனது. அதைக் கடப்பது மலையைக் கடப்பதைவிட எளிது.